எங்கள் பேச்சில் ஓர் அறிவிப்பு

ஊரில் என்னை மைக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஆபீஸ் அடையாள அட்டையோடு சரி. வட்டார ஆபீசின் பின்பக்க அறையில் 'பிறமொழிப் பிரிவு' என்று ஒரு பலகை தொங்கும். அந்தப் பிரிவு மொத்தமும் நான் ஒருத்திதான். ஒரு மேசை, ஒரு நாற்காலி, கால் போய்ச் செங்கல் முட்டுக்கொடுத்து நிற்கும் ஒரு பீரோ. ஆபீஸ் பேச்சில் வரும் அறிவிப்பை எங்கள் பேச்சில் எழுதி, ஜீப்பின் தலையில் கட்டிய ஒலிபெருக்கியில் ஆற்றோரக் குடியிருப்புகளுக்குச் சொல்வது என் வேலை. இந்த ஆறு எப்போது ஓட ஆரம்பித்ததோ அப்போதிலிருந்து எங்கள் ஆட்கள் இங்கே இருக்கிறார்கள். பலகையில் மட்டும் நாங்கள் 'பிற'. இதைச் சொல்லிப் புலம்பி எனக்கே சலித்துவிட்டது.

எது எங்கள் பேச்சில் வரும், எது வராது என்பதற்கு ஆபீசில் ஒரு கணக்கு உண்டு. ரோடு வரப் போகிறது, விளக்கு வரப் போகிறது, மந்திரி வருகிறார், எல்லோரும் சிரித்த முகமாக வந்து கைதட்டுங்கள்: இதெல்லாம் எங்கள் பேச்சில், தேன் ஒழுக, என் குரலில் வரும். வேலி, அபராதம், இடிப்பு, சீல் வைப்பு எல்லாம் ஆபீஸ் பேச்சில் மட்டும். ஒரு தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். அதனால் ஆபீஸ் பேச்சில் 'தண்ணீர் கொடு' என்று கேட்கத் தெரியாத எங்கள் ஆட்களுக்கு 'ரத்து' என்றால் தெரியும். 'கடைசி நாள்', 'நேரில்', 'வரிசை', 'குடும்பத்தினர் அனைவரும்', 'பத்திரம்', 'வெளியேறு' எல்லாம் தெரியும். அந்த வார்த்தைகள் காதில் விழுந்தால் தூங்குகிறவன்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

அன்று மத்தியானம் அணையிலிருந்து போன் வந்தது. எடுத்தவர் சின்ன ஐயா. துணை அதிகாரி, நகரத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், இன்னும் மீசை சரியாக முளைக்கவில்லை. போனை வைத்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"மேல மழை கொட்டித் தீர்க்குதாம். பொழுது சாயறதுக்குள்ள மதகு எல்லாத்தையும் திறக்கப் போறாங்களாம்."

"எல்லாத்தையுமா சார்?"

"திறக்கலைன்னா அணையே போயிடும்னு சொல்றாங்க."

அணைக்குக் கீழே முதலில் இருப்பது கீழ்க்கரைக் குடியிருப்பு. ஆற்றுக்கும் அதற்கும் நடுவில் துணி துவைக்கும் கல் வரிசை ஒன்றுதான். அங்கேதான் என் அக்கா இருக்கிறாள். மாமாவும் இரண்டு பிள்ளைகளும் அங்கேதான்.

"நான் கிளம்பறேன் சார். ஜீப்பை எடுக்கச் சொல்லுங்க."

"இரும்மா. அறிவிப்பை எழுது. பெரிய ஐயா பார்த்துக் கையெழுத்துப் போடணும்."

வட்டார அதிகாரியான பெரிய ஐயா தலைநகரில் இருந்தார். 'பிறமொழி மக்களுடன் நல்லுறவு' என்ற கூட்டத்துக்குப் போயிருந்தார். கூட்டம் முடிகிறவரை போனை அணைத்துவைப்பார். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர், யாரோ ஒரு தலைவரின் பேச்சை மொழிபெயர்க்கும்போது சொந்தச் சரக்கைச் சேர்த்துவிட்டாராம். கூட்டமே விழுந்து விழுந்து சிரித்ததாம். அன்றிலிருந்து எங்கள் பேச்சில் ஒலிபெருக்கியில் ஒரு தும்மல் போவதற்குக்கூட பெரிய ஐயாவின் கையெழுத்து வேண்டும்.

"அவர் போன் எடுக்கற வரைக்கும் ஆறு காத்துக்கிட்டு இருக்குமா சார்?"

சின்ன ஐயா நெற்றியைத் துடைத்தார். "ஒண்ணு செய்யலாம். எங்க பேச்சுல சொல்லிடு. அதுக்கு அனுமதி வேண்டாம்."

எனக்கு வந்ததே கோபம். "வெள்ளம், மதகு, அணை, இதெல்லாம் உங்க பேச்சுல எப்படின்னு அவங்களுக்குத் தெரியாது சார். நீங்க சொல்லிக்குடுத்த வார்த்தைங்களே வேற. சாகப் போற செய்தியையாவது எங்க பேச்சுல சொல்ல விடுங்க."

அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஜீப் சாவியை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"நான் சாப்பிடப் போறேன். சாவி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. யார் எடுத்தாங்கன்னும் தெரியாது."

அவ்வளவு தைரியமே அவருக்கு அதிகம். நான் குறை சொல்ல மாட்டேன்.

ஜீப் ஓட்டுகிற அண்ணன் ஆபீஸ் பேச்சுக்காரர். எங்கள் பேச்சில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் நான்கைந்து கெட்ட வார்த்தைகள்தான். அதையும் என்னிடம்தான் கற்றுக்கொண்டார். விஷயத்தைச் சொன்னதும் வண்டியைக் கிளப்பினார். பள்ளம் மேடு பார்க்காமல் ஓட்டினார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பயத்திலும் எனக்கு ஒரு ஓரத்தில் சந்தோஷமாக இருந்தது. முதல் தடவையாக, யாரும் திருத்தாத, யாரும் கையெழுத்துப் போடாத ஒரு நிஜத்தை எங்கள் பேச்சில் சொல்லப் போகிறேன். கேட்டதும் எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவார்கள், அக்காவும் ஓடி வருவாள், மேட்டில் நின்று நானும் அவளும் மறுபடி பேச ஆரம்பிப்போம் என்று மனசு எங்கேயோ போய்விட்டது.

மேட்டுக்கும் கீழ்க்கரைக்கும் நடுவில் ஒரு ஓடை. அதன் மேல் தரைப்பாலம். பாலத்தைத் தாண்டி வண்டியை நிறுத்தி மைக்கைக் கையில் எடுத்தேன்.

"எல்லாரும் கேளுங்க! அணையைத் திறக்கறாங்க. தண்ணி வீட்டு உசரத்துக்கு வரும். எதையும் எடுக்காதீங்க. பிள்ளைங்களைத் தூக்கிட்டு மேட்டுக்கு வந்துடுங்க. இப்பவே வாங்க!"

துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒருத்தி என்னைப் பார்த்தாள். கொடியிலிருந்த துணியை நிதானமாக உருவி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. அடுத்த வீட்டிலும் கேட்டது. நான் சொல்லச் சொல்ல, தெருவில் வரிசையாகக் கதவுகள் சாத்திக்கொண்டே போயின.

"என்னம்மா, உள்ள போறாங்க?" என்றார் டிரைவர் அண்ணன்.

எனக்குப் புரிந்துவிட்டது. போன மழைக்காலத்தில் நடந்ததை இவர்கள் மறக்கவில்லை. எப்படி மறப்பார்கள்?

அப்போது ஆபீசில் 'வெள்ள ஒத்திகை' என்று ஒன்று நடத்தினார்கள். தண்ணீர் வந்தால் எப்படி ஏறுவது என்று மக்களுக்குப் பழக்க வேண்டும், மேட்டுக்கு வரச் சொல் என்றார்கள். நல்ல காரியம் என்று நம்பி நானும் தொண்டை கிழியச் சொன்னேன். குடியிருப்பே மேட்டுக்கு வந்து பாதி நாள் உட்கார்ந்திருந்தது. ஆளுக்கொரு பிஸ்கட் பொட்டலம் கொடுத்தார்கள். திரும்பிப் போய்ப் பார்த்தால், அளவைக்காரர்கள் வந்து வேலை முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். தோட்டங்களின் நடுவில் எல்லைக் கல் நட்டிருந்தது. ஆற்றுப்பக்க வீடுகளில் 'ஆளில்லாத வீடு' என்று சீல் வைத்திருந்தது. எதிர்த்துக் கேட்கக் கீழ்க்கரையில் யாரிடமும் வீட்டுப் பத்திரம் கிடையாது. ஆள் இல்லாமல் எங்கே போனார்கள்? என் குரலைக் கேட்டு மேட்டுக்குப் போனார்கள்! எனக்கும் அன்றுதான் தெரியும். ஆனால் இதை யாரிடம் போய்ச் சொல்வது? அவர்கள் காதில் விழுந்தது பெரிய ஐயாவின் குரல் இல்லையே, என் குரல்தானே.

அதற்கப்புறம் கீழ்க்கரையில் ஒரு ஏற்பாடு வந்துவிட்டது. ஆபீஸ் எதற்குக் கூப்பிட்டாலும் வீட்டுக்கு ஒருவர் காவலுக்கு இருந்துவிடுவார்கள். எங்கள் பேச்சில் கூப்பிட்டால் யாருமே வர மாட்டார்கள். தேன் தடவிக் கூப்பிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

மைக்கை வண்டியில் போட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். அவள் வாசலில் நின்று முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தாள். ஒத்திகைக்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசாதவள்.

"அக்கா, இது ஒத்திகை இல்ல. நிஜம். உன் கால்ல விழறேன், கிளம்பு."

அவள் நிமிரவில்லை. மாமாதான் பேசினார். "போன தடவையும் எங்க நல்லதுக்குன்னுதானே சொன்ன?"

"என்னையும் ஏமாத்திட்டாங்க மாமா!"

"இந்தத் தடவை உன்னை ஏமாத்தலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

ஆபீசில் ஒருவர் போன் எடுத்தார், அவர் முகம் வெளுத்தது, நான் பார்த்தேன். அவ்வளவுதான் என் கையில் இருந்த ஆதாரம்.

"ஆத்தைப் பாருங்க மாமா. துவைக்கற கல்லைத் தொட்டுடுச்சு."

"மழைன்னா தொடத்தான் செய்யும். வருஷா வருஷம் தொடுது."

"என் மேல சத்தியம் அக்கா."

அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தாள். "சின்ன வயசுல இருந்து உன்னைப் பாக்கறேன்டி வாயாடி. எதுக்கெடுத்தாலும் சத்தியம் பண்ணுவ. நீ பொய் சொன்னா மட்டும் எனக்குத் தெரிஞ்சிடும். பொய் சொல்லும்போதுதான் உன் பேச்சு திருத்தமா, புஸ்தகம் படிக்கற மாதிரி இருக்கும்."

"இப்ப எப்படி இருக்கு?"

அவள் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். நம்பிவிடுவாள் என்றே நினைத்தேன். "இப்ப நிஜமாத்தான் பேசற. உன்னை அனுப்பினவங்க பொய் சொல்லியிருந்தா? வீட்டை விட்டா எங்களுக்கு எதுவும் இல்லடி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வண்டிக்குத் திரும்பி மைக்கை எடுத்தேன். கெஞ்சினேன். ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையையும் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அழுகை வந்துவிட்டது, அதையும் ஒலிபெருக்கி ஊர் முழுக்கக் கொண்டுபோனது. ஒரு ஜன்னலுக்குள்ளிருந்து யாரோ கைதட்டினார்கள்.

"இந்தத் தடவை அழுகை எல்லாம் ஜோரா வருது மைக்கு! தனியா சம்பளம் குடுக்கறாங்களா?"

எங்கள் ஆட்கள் நக்கலுக்குப் பேர் போனவர்கள். வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். அன்றைக்கு, என் தாய் எனக்குக் கொடுத்த பேச்சை இந்த ஆபீஸ் எச்சில் துப்பித் துப்பி எதற்கும் உதவாததாக்கிவிட்டதே என்று நெஞ்சு எரிந்தது. இதற்காகவா சின்ன ஐயாவிடம் அவ்வளவு சண்டை போட்டேன்? துவைக்கும் கற்கள் முழுகிவிட்டன. டிரைவர் அண்ணன் ஆற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

முகத்தைத் துடைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன். பெரிய ஐயா பேசுகிற மாதிரி, இழுக்காமல், ஏறாமல் இறங்காமல், ஆபீஸ் பேச்சில் ஆரம்பித்தேன்.

"எச்சரிக்கை. கீழ்க்கரைக் குடியிருப்பின் வீட்டுப் பத்திரங்கள் இன்று மேட்டுப் பள்ளி மைதானத்தில் வழங்கப்படும். இன்றே கடைசி நாள். குடும்பத்தினர் அனைவரும் நேரில் வரிசையில் நிற்க வேண்டும். குழந்தைகள், முதியோர், நோயாளிகள் உட்பட. வீட்டில் எவரேனும் தங்கினால் அந்தக் குடும்பத்தின் பத்திரம் ரத்து செய்யப்படும். வரிசையை விட்டு விலகுவோர் பத்திரமும் ரத்து செய்யப்படும்."

டிரைவர் அண்ணன் வாயைப் பிளந்தார். அவருக்கு இது புரிந்ததே.

முதல் கதவு திறந்தது. பிறகு எல்லாக் கதவும் திறந்தன. படுத்த படுக்கையாகக் கிடந்தவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிள்ளை பெற்று இன்னும் உடம்பு தேறாதவள் குழந்தையோடு வந்தாள். கைதட்டினவனும் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வந்தான். யாரும் என்னைப் பார்க்கவில்லை, யாரும் எதையும் கேட்கவில்லை. ஆபீஸ் பேச்சில் 'ரத்து' என்று கேட்டபிறகு என்ன கேள்வி? நான் மறுபடி மறுபடி அதையே சொன்னேன். எவ்வளவு திருத்தமாகச் சொன்னேன் தெரியுமா? ஒரு எழுத்து பிசகவில்லை.

கடைசியாக ஒரு கிழவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு தரைப்பாலத்தைத் தாண்டினோம். ஓடைத் தண்ணீர் சக்கரத்தின் பாதிவரை வந்துவிட்டது. மேட்டில் பள்ளி மைதானத்தைச் சுற்றி, மழைத் தூறலில், கீழ்க்கரை மொத்தமும் வரிசையில் நின்றது. எல்லோரையும் கொண்டுவந்துவிட்டேன் என்று டிரைவர் அண்ணன் கையைப் பிடித்து அழுதேன்.

பிறகு அக்காவைத் தேடினேன். மாமா சின்னவனைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு முன்னால் அக்கா மகள். இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. தரையில் ஒரு ஜோடிச் செருப்பு, அக்காவுடையது.

"அம்மா எங்கடி?"

"பூட்டிட்டுப் பின்னாடியே வர்றேன்னா. இன்னும் காணோம்" என்றார் மாமா.

மகள் என் காதருகே வந்து மெல்லச் சொன்னாள். "அம்மா வர மாட்டாங்க சித்தி. நீங்க புஸ்தகம் படிக்கற மாதிரி பேசறீங்களாம், அதனால பொய்யாம். ஒருவேளை நிஜமா இருந்தா நாங்க வரிசைல இருக்கணுமாம். பொய்யா இருந்தா அவங்க வீட்ல இருக்கணுமாம். அப்பாகிட்ட சொல்லாதேன்னாங்க. நான் அம்மாவுக்கு இடம் பிடிச்சு வச்சிருக்கேன்."

ஊரையே நம்பவைத்த பொய், அவள் ஒருத்தியிடம் பலிக்கவில்லை. மாமாவிடம் கத்திச் சொன்னேன். அவர் சின்னவனை இறக்கிவிட்டுச் சரிவில் ஓடினார். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் இடுப்பளவு இழுத்துக்கொண்டு போனது. டிரைவர் அண்ணன் வண்டி இழுக்கும் கயிற்றை எடுத்தார். அந்த இழுப்பில் ஒரு ஆளை இறக்க வேண்டுமென்றால் இந்தப் பக்கம் ஒரு கூட்டமே பிடிக்க வேண்டும்.

வரிசையிடம் ஓடினேன். "கயித்தைப் பிடிக்க வாங்கய்யா! எங்க அக்கா அந்தப் பக்கம் இருக்கா. வாங்க!"

யாரும் அசையவில்லை. கைதட்டினவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"வரிசையை விட்டா ரத்துன்னு சொன்னாங்களே" என்றாள் துணி உலர்த்தினவள். அவள் குரலில் கெட்ட எண்ணம் கொஞ்சமும் இல்லை.

"சொன்னது நான்தான்! பத்திரமும் இல்ல, மண்ணும் இல்ல. உங்களை மேட்டுக்குக் கொண்டுவர நான் பொய் சொன்னேன். எங்க அம்மா மேல ஆணை, பொய் சொன்னேன். வாங்க!"

எங்கள் பேச்சில்தான் சொன்னேன். பதறினால் வேறு எந்தப் பேச்சு வாயில் வரும்? அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்னால் நின்ற பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "கலைச்சு விடப் பாக்கறாங்க. பத்திரம் நிஜந்தான் போல. யாரும் நகராதீங்க." வரிசை இன்னும் நெருக்கமாக ஒட்டிக்கொண்டது.

ஆபீஸ் பேச்சில் சொல்லிப் பார்த்தேன். பொய் என்பதற்கும் காப்பாற்றுங்கள் என்பதற்கும் அந்தப் பேச்சில் அவர்களுக்கு வார்த்தை தெரியாது. யாரும் கற்றுக்கொடுத்ததில்லை.

ஜீப்பில் ஏறி மைக்கை எடுத்தேன். மேட்டிலிருந்து அக்கா வீடு நன்றாகத் தெரியும். அவள் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள், கையைக் கட்டிக்கொண்டு, அளவைக்காரர்களை எதிர்பார்த்து.

"அக்கா! நான்தான் வாயாடி. வீட்டுக்குப் பின்னாடி திட்டு இருக்கு, ஏறிடு. நிஜமா சொல்றேன் அக்கா. இங்க பாரு, திருத்தமாவா பேசறேன்? என் பேச்சைக் கேளுடி, ஏறுடி!"

அவள் தலை நிமிர்ந்தது. கேட்டுவிட்டது. எழுந்து நின்றாள். வாசலுக்கு வந்து, கண்ணுக்குமேல் கையை வைத்து என் பக்கம் பார்த்தாள். பிறகு ஆற்றின் பக்கம் திரும்பினாள். அணைப் பக்கமிருந்து தண்ணீர்ச் சத்தம் வந்தது அப்போதுதான். அவள் ஓட ஆரம்பித்ததை நான் பார்த்தேன். நம்பினாள். கடைசியில் என்னை நம்பினாள். அந்த ஓட்டம் வீட்டின் பின்பக்கம்வரைகூடப் போய்ச் சேரவில்லை.

டிரைவர் அண்ணன் மாமாவை இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டு சேற்றில் புரண்டார். மாமா கத்தியது மேட்டில் எல்லோருக்கும் கேட்டது. கீழ்க்கரை இருந்த இடத்தில் மண் நிறத்தில் தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருந்தது. வரிசை மொத்தமும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. சிலர் வாயில் அடித்துக்கொண்டு அழுதார்கள். நின்ற இடத்திலேயே நின்று அழுதார்கள்.

துணி உலர்த்தினவள் என் கையைப் பிடித்தாள். "மைக்கு, வீடு போயிடுச்சு. பத்திரமாவது குடுத்துடுவாங்கல்ல?"

அக்கா மகளைத் தூக்கிக்கொள்ளப் போனேன். அவள் வர மாட்டேன் என்று முரண்டு பிடித்தாள். பின்னாலிருந்து யாரோ முன்னே நகர்ந்தார்கள், அவள் இரண்டு கையாலும் அவர்களைத் தள்ளினாள்.

"இது எங்கம்மா இடம்" என்றாள்.